சுகமாகத் தூக்கும் வண்டி

ரத்தத்தைச் சுமந்துகொண்டு போகிறவர் குலுங்காமல் போக வேண்டும். பெட்டிக்காரர் அப்படித்தான் போவார். சின்னச் சின்ன மருத்துவமனைகளில் எடுத்து வைத்த ரத்த மாதிரிக் குழாய்களை வாங்கி, ஐஸ் வைத்த நீலப் பெட்டியில் அடுக்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் மாட்டி, பரிசோதனைக் கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் அவரை முந்திப் போய், திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். "நடந்து போனா சீக்கிரம் போயிடலாமே" என்று தெரிந்தவர்கள் கிண்டல் செய்வார்கள். அவர் சட்டை செய்யமாட்டார். பள்ளத்தைக் கண்டால் பத்தடி முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, சாலையோரமாக ஒதுங்கிப் போகிற ஆள்.

அப்படிப்பட்டவர் கொண்டுவந்த ரத்தம்தான் கெட்டுப்போய்விட்டது என்று கூடத்துப் பெண் சொன்னாள். அதுவும் மறுபடியும்.

"அண்ணே, இங்க பாருங்க." இயந்திரத்தில் சுழற்றி எடுத்த குழாயை விளக்குக்கு நேராகப் பிடித்தாள். அடியில் சிவப்பு தங்கியிருந்தது, அது சரி. மேலே வெளிர் மஞ்சளாகத் தெளிந்து நிற்க வேண்டிய நீரும் சிவந்து கிடந்தது. "குலுங்கிக் குலுங்கி செல்லெல்லாம் உடைஞ்சிருக்கு. இத வெச்சு டெஸ்ட் பண்ணா தப்புத் தப்பாத்தான் காட்டும். திரும்ப எடுக்கணும்."

"யாரோடதும்மா?"

"கைக்குழந்தையோடது. நரம்பே கிடைக்காம மூணு இடத்துல குத்தி எடுத்தாங்களாம். அவங்க அப்பா போன்ல கத்து கத்துன்னு கத்துறாரு."

மேலாளர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எடுத்த நர்ஸ் மேல தப்பில்ல, விசாரிச்சுட்டேன். மத்த ரூட்ல வர்றது எல்லாம் நல்லா இருக்கு. உங்க ரூட்ல வர்றதுதான் இப்படி. இன்னொரு தடவ ஆச்சுன்னா வேற ஆளத்தான் பாக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

இதை எப்படித்தான் சரியாக எடுத்துக்கொள்வது? பெட்டிக்காரர் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். காரணம் அவருக்குத் தெரியும். வண்டிதான். சில மாதங்களாக முன்பக்கம் சரியில்லை. சின்னக் கல்லில் ஏறினாலும் ஹேண்டில் மணிக்கட்டில் வந்து அடித்தது. முன்பக்கம் அடிக்கிற அடியில் பின்னால் பெட்டிக்குள் குழாய்கள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் அவருக்குக் கேட்கும். பழுது பார்க்கக் கொடுப்பார், நாலு நாள் நன்றாக இருக்கும், பிறகு பழையபடி. இது எந்த ஊர் நியாயம் என்று வண்டியைக் கேட்கவா முடியும்?

மழை பிடிக்கலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்த மதியத்தில் மெக்கானிக் கடைக்குப் போனார். மெக்கானிக் அவர் வயதுக்காரர்தான், ஐம்பது இருக்கும். கனத்த உடம்பு, முழங்கால் வலி, நரைத்த மீசை. சிரிக்கமாட்டார். வண்டியைப் பற்றிப் பேசும்போது பெரிய டாக்டர் மாதிரி குரலை இறக்கிக்கொள்வார். பெட்டிக்காரருக்கு அவர்மேல் இருந்த நம்பிக்கை, தன் நிழல்மேல்கூட இருந்ததில்லை.

மெக்கானிக் எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து முன் சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தினார். ஹேண்டிலை இரண்டு விரலால் இடமும் வலமும் திருப்பினார். நடுவில் வந்ததும் அது ஒரு குழியில் விழுந்ததுபோல் சிக்கி நின்றது.

"தெரியுதா?"

"தெரியுது. நேராப் போகும்போது வண்டி தானா இழுக்குது."

"இதுக்குள்ள சின்னச் சின்ன குண்டு இருக்கு. கோன்செட்டுன்னு சொல்றோமில்ல, அது. மேலேர்ந்து ஓங்கி அடி வாங்குனா குண்டு போயி தட்டுல குழி போட்டுடும். அப்புறம் ஹேண்டில் அந்தக் குழிய விட்டு வராது." முன் ஃபோர்க் குழாயில் விரலைத் தேய்த்துக் காட்டினார். விரல் எண்ணெயாக இருந்தது. "போன தடவதான் ஆயில் கசியாம பிடிக்கிற சீல மாத்துனேன். மறுபடி கக்கியிருக்கு. உள்ள ஆயில் இல்லாம வெறும் இரும்பும் இரும்பும் மோதுது. இதோட செயினப் பாரு, பாவாட நாடா மாதிரி தொங்குது."

"நான் பாத்துப் பாத்துத்தானேப்பா ஓட்டுறேன்."

"நீ ஓட்டுறது எனக்குத் தெரியாதா? இது நீ ஓட்டி ஆனதில்ல." மெக்கானிக் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "யாரோ இந்த வண்டியத் தூக்குறாங்க."

"தூக்கறாங்களா? திருடவா?"

"அட, வீலிங்குப்பா. கிளட்ச்ச பட்டுன்னு விட்டு முன் சக்கரத்த மேல தூக்கிட்டு ஒத்தச் சக்கரத்துல போறது. தூக்கும்போது செயின் வெடுக்குன்னு இழுபடும், கிளட்ச் பிளேட்டு கருகும். எஞ்சின் ஆயில் பின்னாடி ஓடிடும், மேல இருக்கிறது வறண்டு தேயும். ஆனா தூக்குறதுல இல்ல பெரிய கேடு, எறக்குறதுல இருக்கு. மொத்தக் கனமும் தொப்புன்னு இந்த ரெண்டு குழாய் மேல வந்து விழும். சீல் எப்படித் தாங்கும் சொல்லு?" துணியில் கையைத் துடைத்தார். "உன் வீட்ல எளந்தாரி யாரு?"

  பெட்டிக்காரர் வீட்டில் இருக்கிற ஒரே இளந்தாரி அவருடைய மைத்துனன்.

"நான் சொன்னேன்னு சொல்லாத. குடும்பத்துல குழப்பம் வேணாம்" என்றார் மெக்கானிக். வேலை முடிந்ததும் வழக்கம்போல், "பெட்டியக் கழட்டி வெச்சுட்டு கடைய பாத்துக்க. ஒரு ட்ரையல் பாத்துட்டு வரேன்" என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பெட்டிக்காரர் கடையில் உட்கார்ந்து டீ குடித்தார். எப்போதும் போல இரண்டாவது டீயும் ஆறின பிறகுதான் மெக்கானிக் வந்தார். இந்தக் காலத்தில் யார் இவ்வளவு பொறுப்பாகச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று பெட்டிக்காரர் நினைத்துக்கொண்டார்.

அவர் மனைவிக்குச் சலவைக்கூடத்தில் வேலை. மருத்துவமனை விரிப்புகளை நாள் முழுக்க நீராவிப் பெட்டியில் தேய்த்துவிட்டு, முகம் வெந்த நிறத்தில் வீட்டுக்கு வருவாள். வந்ததும் முழங்கைவரை தண்ணீரை ஊற்றிக்கொண்டு கொஞ்சநேரம் யாரோடும் பேசமாட்டாள். அன்று அதற்குள்ளேயே பெட்டிக்காரர் ஆரம்பித்துவிட்டார். அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மைத்துனன் சுவரில் சாய்ந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். கட்டடங்களுக்கு வண்ணம் பூசுகிறவன், நகக்கண்ணெல்லாம் வெள்ளை. ஞாயிற்றுக்கிழமைகளில் கால்பந்து ஆடப் போகும்போது மாமாவின் வண்டியை எடுத்துக்கொண்டு போவான். அவ்வளவுதான் அவனுக்கும் அந்த வண்டிக்கும் உள்ள உறவு.

"மாப்ளே, வண்டிய என்ன பண்ற?"

"என்ன பண்றேன்? ஓட்டுறேன்."

"எத்தன சக்கரத்துல?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "என்ன மாமா கேக்குறீங்க?"

"ஒத்தச் சக்கரத்துல ஓட்டுறியாமே. வண்டிய கொன்னுட்ட. என் வேல போகப் போகுது, தெரியுமா?"

"யார் சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. தெரிஞ்சவங்க. சும்மா பேசற ஆள் இல்ல. அந்த போனக் குடு." பிடுங்கிப் பார்த்தார். நேரம் சரியில்லை என்றால் எல்லாமே ஒத்துப்போகும். திரையில் எவனோ ஒருவன் மோட்டார் சைக்கிளைக் குதிரை மாதிரி நிமிர்த்திக்கொண்டு போனான். "இது என்னடா?"

"வீடியோ. பாக்கறது தப்பா? சமையல் வீடியோ பாக்கறவன்லாம் சமைச்சுடறானா? நான் தூக்கல மாமா. எனக்குத் தூக்கத் தெரியாது."

"கத்துக்கத்தான பாக்கற?"

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "அவன்தான் இல்லங்கறானே."

"உன் தம்பி ஆமான்னா சொல்லுவான்?"

"இல்லன்னு சொன்னாலும் நம்ப மாட்டீங்க, ஆமான்னு சொன்னா அடிக்கப் போவீங்க. அப்புறம் எதுக்குக் கேள்வி? உங்களுக்கு யாரு சொன்னா, அதச் சொல்லுங்க."

"அது வேணாம்."

"பேர் சொல்ல முடியாதவன் பேச்சக் கேட்டு கூடப் பொறந்தவன் மாதிரி இருக்கறவன நிக்க வெச்சுக் கேப்பீங்க. நல்லா இருக்கு நியாயம்."

மைத்துனன் எழுந்தான். சாவிக்கொத்திலிருந்து வண்டியின் மாற்றுச் சாவியை மட்டும் கழற்றினான். வளையம் இறுகியிருந்தது, கழற்ற நேரமாயிற்று. அந்த நேரத்தில் பெட்டிக்காரர் "விடுறா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, துணிகளைப் பையில் திணித்துக்கொண்டு, வேலை நடக்கிற கட்டடத்திலேயே தங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். கிழங்கு அடிபிடித்த வாசம் வந்தது. யாரும் இறக்கவில்லை.

அதற்குப் பிறகு மனைவி அவரோடு பேசுவதை நிறுத்தினாள். சொல்ல வேண்டியதை எல்லாம் பாத்திரங்களிடம் சொன்னாள். "சோறு இருக்கு, வேணுங்கறவங்க போட்டுக்கலாம்" என்பது மூடியிடம். "மழை வருது, துணி காயுது" என்பது வாளியிடம். பெட்டிக்காரரும் அசைந்துகொடுக்கவில்லை. வண்டி சரியானால் தான் செய்தது சரியென்று ஆகிவிடும் என்று காத்திருந்தார்.

வண்டி சரியாகவில்லை. செயின் இன்னும் தளர்வாக இருக்கிறது என்று ஒரு முறை, ஹேண்டில் இறுக்கமாக இருக்கிறது என்று ஒரு முறை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். இரண்டு முறையும் போன குறை தீர்ந்தது, இல்லாத குறை வந்து சேர்ந்தது. முன் குழாயில் மறுபடியும் எண்ணெய் கசிந்தது. மைத்துனன்தான் வீட்டிலேயே இல்லையே! இன்னொரு சாவி செய்து வைத்திருப்பானோ? ஆளில்லாத நேரத்தில் வந்து எடுத்துப் போகிறானோ? சந்தேகம் வந்துவிட்டால் அதற்குக் கண்மண் தெரியாது. பெட்டிக்காரர் பூட்டை மாற்றினார். அதுவும் போதாமல் கனமான சங்கிலி ஒன்று வாங்கி வந்து, வண்டியை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்.

மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு விளக்குமாற்றிடம் சொன்னாள்: "விலங்கு மாட்டியாச்சு. இனிமே அது திருந்திடும்."

கூடத்துப் பெண் ஒருநாள் குழாயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது தேறும்ணே. ஆனா மட்டுமட்டாத்தான்" என்றாள். மேலாளர் அவள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்.  அடுத்த நாளே பெட்டிக்காரர் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டு, ஃபோர்க்கை முழுசாகக் கழற்றி எல்லாம் புதிதாகப் போடச் சொன்னார்.

"சாயங்காலம் ஆகும்" என்றார் மெக்கானிக்.

அதுவரை கடையில் உட்கார்ந்திருக்க முடியாது, மதியக் குழாய்கள் காத்திருந்தன. பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். மடியில் பிள்ளையை வைத்திருப்பதுபோல் வைத்துக்கொண்டு போய்ச் சேர்த்தார். திரும்பி வரும்போது தூறல் பிடித்துக்கொண்டது. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், கிடங்குகளுக்குப் பின்னால் இருக்கிற நேர் சாலை வழியாக நடந்தார். லாரிகள் வராத நேரத்தில் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. ஒரு பக்கம் நீளமான தகரச் சுவர், இன்னொரு பக்கம் புல்.

பாதி தூரத்தில் அவருக்குத் தன் வண்டியின் சத்தம் கேட்டது. பெற்ற பிள்ளையின் இருமலைக் கூட்டத்தில் அடையாளம் தெரிகிற மாதிரி தெரிந்தது. மைத்துனன் கடையிலிருந்தே எடுத்து வந்திருக்கிறான், அகப்பட்டான் பயல் என்று சுவரோரம் ஒதுங்கி நின்றார்.

தூரத்தில் வண்டி வந்தது. வந்துகொண்டே உறுமியது, முன் சக்கரம் மெல்ல நிலத்தை விட்டு எழுந்தது. முகவிளக்கு வானத்தைப் பார்த்தது. மேல்மூச்சு வாங்கும் கனத்த உடம்பு பின்னால் சாய்ந்திருக்க, சட்டை காற்றில் உப்ப, நரைத்த மீசை நனைந்திருக்க, மெக்கானிக் ஒற்றைச் சக்கரத்தில் அவரைக் கடந்து போனார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எத்தனையோ வருடப் பழக்கத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பெட்டிக்காரர் கண்டதில்லை. சாலைக் கோடியில் முன் சக்கரம் தொப்பென்று விழுந்தது. அந்த அடி பெட்டிக்காரரின் மணிக்கட்டில் வலித்தது. மெக்கானிக் வண்டியைத் திருப்பி, மறுபடியும் தூக்கினார்.

 பெட்டிக்காரர் விடுவிடுவென்று நடந்து கடைக்கு வந்தார். மெக்கானிக் அவருக்கு முன்னாலேயே வந்து, வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகம் பழைய டாக்டர் முகம்.

"எல்லாம் போட்டாச்சு" என்றார். "ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. பழைய சீலப் பாத்தேன். இன்னும் யாரோ தூக்குறாங்க. உன் வீட்டு எளந்தாரிகிட்ட கண்டிச்சுச் சொல்லு."

"அவன் வீட்ட விட்டுப் போயி ஒரு மாசம் ஆச்சு."

"அப்ப வேற யாராச்சும்..."

"நான் கிடங்கு ரோட்டுல வந்தேன்."

மெக்கானிக்கின் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த துணியை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"ட்ரையல்னா அப்படித்தாம்ப்பா. கோன்செட்டு ஒழுங்கா உக்காந்துருக்கான்னு தூக்கிப் பாத்தாத்தான் தெரியும்."

"யார்கிட்ட கத விடற? தூக்குனா என்ன ஆகும்னு ஒண்ணு விடாம நீதான எனக்குச் சொன்ன? செயின் இழுபடும், சீல் கக்கும்னு நீதான சொன்ன? உனக்குத் தெரியாமலா செஞ்ச?"

"தெரியும். அதான் ஒவ்வொரு தடவையும் சரி பண்ணிக் குடுத்தேன்."

"சரி பண்ணிட்டு அதையே போயித் தூக்குன!"

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே தூறல் வலுத்துத் தகரக் கூரையில் இரைந்தது. அவர் சொன்னது சரியாகக் கேட்கவில்லை, பெட்டிக்காரர் "என்னது?" என்று அதட்டினார்.

"எல்லா வண்டியும் தூக்க மாட்டேன்னு சொன்னேன். கடைக்கு வர்றதெல்லாம் ஓட்டித் தேய்ச்ச வண்டி, தூக்குனா எகிறும், எங்கயாச்சும் தள்ளிவிட்டுடும். உன் வண்டி மட்டுந்தான் சுகமாத் தூக்கும். நீ அப்படி வெச்சிருக்க. இந்த முட்டிய வெச்சுக்கிட்டு என்னால நிமிந்து நடக்க முடியல. அது மேல உக்காந்தா..." 

பெட்டிக்காரருக்கு அடிக்கவும் கை வரவில்லை, அழவும் வரவில்லை. பார்த்துப் பார்த்து ஓட்டியதற்குக் கிடைத்த பரிசு இது. "அதெல்லாம் இருக்கட்டும். என் மச்சான் பேர எதுக்குச் சொன்ன?"

"நான் பேர் சொல்லலியே. எளந்தாரி யாருன்னுதான் கேட்டேன்."

அதுதான் அவரை மண்டையில் அடித்தது. உண்மைதான். அதில் மைத்துனன் பெயரைச் சேர்த்துக்கொண்டது இவர்தான்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். முழங்கையில் தண்ணீர் சொட்டச் சொட்ட, கடைசிவரை கேட்டாள். திட்டவில்லை. ஒரு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை, "கிளம்புங்க" என்பதுதான்.

கடையில் அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கழட்டுங்கண்ணே. எல்லாத்தையும் மறுபடி கழட்டுங்க. இன்னிக்கு விழுந்த அடியில எது வளைஞ்சதோ, எது கக்குனதோ, எல்லாத்தையும் என் கண்ணு முன்னாடி மாத்துங்க." மெக்கானிக் வேலையைத் தொடங்கினார். ஃபோர்க் குழாயை உருவி, வளைவு இருக்கிறதா என்று கண்ணாடிமேல் உருட்டிப் பார்த்து, சீல் போட்டு, எண்ணெய் ஊற்றி, குண்டுகளைக் கிரீஸில் ஒவ்வொன்றாகப் பதித்து மூடினார். கை மட்டும் பொய் சொல்லாத கை. வேலை முடிந்ததும் பழக்கத்தில் வண்டியின் பக்கம் ஒரு அடி வைத்துவிட்டு நின்றார்.

"ஏன் நின்னுட்டீங்க? ட்ரையல் பாக்க வேணாமா?" அவள் எழுந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "வாங்க. நானும் வரேன். இப்பத் தூக்குங்க பாக்கலாம்."

மெக்கானிக் சாவியைப் பெட்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். பெட்டிக்காரர்தான் ஓட்டினார். ஹேண்டில் வெண்ணெயாகத் திரும்பியது. பள்ளத்தில் இறங்கி ஏறியபோது முன்பக்கம் மூச்சு விட்டதுபோல் அமுங்கி எழுந்தது.

மறுநாள் கூடத்துப் பெண் குழாயை விளக்கில் பிடித்தாள். மேலே நின்ற நீரில் துளிச் சிவப்பு இல்லை. "சூப்பர்ணே" என்றாள். மேலாளர் தலையசைத்தார். வேலை தங்கியது. பெட்டிக்காரருக்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது, ஆனால் சந்தோஷம் வரவில்லை.

சாயங்காலம் மனைவி தூக்குப் பாத்திரத்தில் சோறு கட்டிக் கொடுத்தாள். அதைப் பெட்டி இருந்த இடத்தில் வைத்துக் கட்டி, அதே நிதானத்தோடு கட்டட வேலை நடக்கிற இடத்துக்குப் போனார். மைத்துனன் சாரத்தில் உட்கார்ந்து ஜன்னல் விளிம்புக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மாமாவைப் பார்த்ததும் இறங்கி வந்தான், மரியாதைக்குக் குறைவில்லை.

"அக்கா குடுத்து விட்டா." பாத்திரத்தை நீட்டினார். "மாப்ளே, அது நீ இல்லடா. மெக்கானிக்கே தூக்கியிருக்கான். நானே கண்ணால பாத்தேன்."

"சரி மாமா."

"என்னடா சரிங்கற? திட்டுறதுன்னா திட்டிடு."

"நீங்க கண்ணால பாத்தீங்க, அதனால இப்ப நம்புறீங்க. நான் வாயால சொன்னேன்." அவன் பாத்திரத்தின் மூடியைத் திறந்து பார்த்தான், மூடினான். "அக்கா நல்லா இருக்காளா?"

"நீ வந்து பாரு. வா, போலாம்."

"இங்க வேல முடியட்டும்."

வேலை எப்போது முடியும் என்று கேட்க அவருக்குத் துணிவில்லை. சட்டைப் பையில் துழாவி, பூட்டு மாற்றியபோது வந்த இரண்டாவது சாவியை எடுத்தார். ஒரு மாதம் அதை அங்கேயேதான் வைத்திருந்தார். "இந்தா. ஞாயித்துக்கிழமை ஆடப் போகும்போது எடுத்துட்டுப் போ. வண்டி இப்ப புதுசு மாதிரி இருக்கு."

மைத்துனன் சாவியைப் பார்த்தான். வண்டியைப் பார்த்தான். புது எண்ணெய் மினுங்கும் முன் குழாய்களையும் பார்த்தான். கையிலிருந்த வண்ணத்தைக் கால்சட்டையில் துடைத்தான். வாங்கத்தான் துடைக்கிறான் என்று பெட்டிக்காரர் நினைத்தார்.

"வேணாம் மாமா" என்றான். "நாளைக்கு அதுக்கு எதாவது ஆச்சுன்னா?"

பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு சாரத்தில் ஏறினான். பெட்டிக்காரர் சாவியை உள்ளங்கையில் வைத்தபடி கீழே நின்றிருந்தார். மேலே பிரஷ் சுவரில் தேயும் சத்தம் மறுபடி கேட்கத் தொடங்கியது.